எலி சாகும்வரை போதையைத்தான் கேட்குமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விலங்கியல் படிக்கிறார். அவருடைய தாய்மாமா அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் ராப்பகல் பார்க்காமல் வண்டியிலேயே கிடப்பார், குடியைத் தொடமாட்டார். வேலை ஓய்ந்து பங்குனி பிறந்தால் ஆரம்பித்துவிடுவார். குறுவைக்குத் தண்ணீர் வந்து வயல் விளைகிறவரை அதேதான். "நினைத்தால் விடலாம், கொழுப்பெடுத்துக் குடிக்கிறான்" என்பது தம்பியின் அப்பா கட்சி. தம்பிக்கு வேறு பயம். எலிக்கு ஒருதடவை போதையைப் பழக்கிவிட்டால் சோறு தண்ணீரை மறந்து சாகிறவரை அதையே அழுத்திக்கொண்டிருக்கும் என்று வகுப்பில் சொன்னார்களாம். மூளையே அப்படி மாறிப்போன பிறகு மாமா எப்படித் திருந்துவார் என்கிறார். கூடவே, நல்ல இடமும் துணையும் கொடுத்தால் எலி போதையைத் தொடவே தொடாது என்று ஒரு காணொளியும் பார்த்திருக்கிறார். இதில் எது உண்மை என்பது கேள்வி.

நான் பாபநாசம் பக்கத்தில் பிறந்தவன். மருந்தியல் ஆய்வகத்தில் பல வருஷம் எலிகளோடு வேலை பார்த்தேன். வகுப்பில் சொன்ன சோதனை நிஜமாகவே நடந்தது. காணொளியில் வந்த சோதனையும் நடந்தது. ஆனால் இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதியைச் சொன்னால்தான் மாமாவைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் நம் வயல் எலியிடமிருந்து தொடங்கலாம். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு எலி கண்டதைத் தின்னும் பிராணி இல்லை என்று தெரியும். வரப்பில் புது இரை வைத்தால் முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். மறுநாள் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பிறகு அந்தப் பக்கமே வராது. அதனால்தான் எலி மருந்து வைக்கிறவர்கள் இரண்டு மூன்று நாள் விஷம் கலக்காத இரையை வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் மருந்தைக் கலக்குகிறார்கள். சாயங்காலம் எலி பிடிக்கும் மூங்கில் கிட்டிகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கும் ஆட்களைக் கேட்டால், கதிர் பால் பிடித்த பிறகு இரைக்கு எலி வராது என்பார்கள். சுற்றிலும் பால் பிடித்த நெல் இருக்கும்போது கிட்டியில் இருப்பதை எதற்குத் தேட வேண்டும்? எலி எதையும் தனியாக எடைபோடுவதில்லை, பக்கத்தில் வேறு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை ஆய்வகங்கள் உணர்ந்துகொள்ள ரொம்ப வருஷம் ஆனது.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகி, ஒரு விசையை அழுத்தினால் அங்கே லேசான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். மூளையின் சில இடங்களில் கம்பி இருந்தபோது எலிகள் ஓயாமல் விசையை அழுத்தின. இன்பத்தைத் தூண்டும் இடம் மூளையில் இருக்கிறது என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. 1962-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்பவர் எலியின் ரத்தக்குழாயோடு ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, கூண்டுக்குள் அது நடமாடிக்கொண்டே விசையை அழுத்தி மார்ஃபினைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். போதை ஆராய்ச்சியின் பெரும்பகுதி இன்றைக்கும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நடக்கிறது. ஒரு பெட்டி, ஒரு விசை, மேலே ஒரு சின்ன விளக்கு. அழுத்தினால் விளக்கு எரியும், மருந்து ரத்தத்தில் இறங்கும்.

வகுப்பில் சொன்ன எலிக்கு வருவோம். 1985-இல் மைக்கேல் போசார்த், ராய் வைஸ் இருவரும் எலிகளுக்கு 24 மணி நேரமும் கட்டுப்பாடே இல்லாமல் மருந்து கிடைக்கும்படி விட்டார்கள். 30 நாளில் கொக்கேன் எடுத்த எலிகளில் 100-க்கு 90 செத்தன. ஹெராயின் எடுத்தவற்றில் 36 செத்தன. 1978-இல் இன்னொரு சோதனை. எய்க்னர், பால்ஸ்டர் என்ற இருவர் ரீசஸ் குரங்குகளுக்கு 15 நிமிஷத்துக்கு ஒருமுறை கொக்கேனா உணவா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். இரவும் பகலுமாக 8 நாள். குரங்குகள் ஏறத்தாழ எப்போதும் கொக்கேனையே எடுத்தன, உடல் இளைத்தன. இந்த இரண்டையும் படித்துவிட்டுப் பாடம் நடத்தினால் உங்கள் ஆசிரியர் சொன்னதைத்தான் யாரும் சொல்வார்கள்.

ஆனால் முதல் சோதனையில் எலிக்கு விசையையும் வழக்கமான தீனி தண்ணீரையும் விட்டால் செய்வதற்கு வேறு என்ன இருந்தது? வெறும் பெட்டி, துணை கிடையாது, நோண்டுவதற்கு ஒரு துளி மண் கிடையாது. அந்தப் பெட்டியில் போதை பெரிதாக எதையும் எதிர்த்து ஜெயிக்கவில்லை, ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது என்ற போட்டியே அங்கே வைக்கவில்லை. குரங்குச் சோதனையில் உணவு போட்டிக்கு இருந்தது என்பது சரி. ஆனால் கொக்கேன் பசியைக் கொல்லும் மருந்து. 15 நிமிஷத்துக்கு ஒருதடவை கேட்டால், முந்தைய டோஸ் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. நிறையக் குடித்திருக்கிற ஒருவர் முன்னால் சாப்பாட்டு இலையைப் போட்டு "எது வேண்டும்?" என்று கேட்பதற்கும், அவரையே காலையில் தெளிந்த மனதோடு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? அதே வித்தியாசம்தான். மருந்தின் பிடியில் இருக்கும்போது எலிகளின் தேர்வு கொக்கேன் பக்கம் சாய்கிறது என்று பின்னால் தனியாகவே காட்டினார்கள்.

இந்தத் துறையில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது 2007-இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து வந்த ஒரு ஆய்வு. செய்தவர்கள் மகலி லெனுவார், செர்ஜ் அஹ்மத் குழுவினர். பெட்டியில் இரண்டு விசைகள். ஒன்றை அழுத்தினால் ரத்தத்தில் கொக்கேன். இன்னொன்றை அழுத்தினால் சில விநாடி சாக்கரின் கலந்த தண்ணீர். ஒன்றை எடுத்தால் அந்தச் சுற்றில் மற்றது கிடையாது. அடுத்த வாய்ப்பு வரக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் முந்தைய மருந்தின் வேகம் தணிந்துவிடும். சாக்கரின் என்பது நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் விற்ற குச்சி ஐஸில் இனிக்குமே, அதுதான். சத்து எதுவும் இல்லை, வெறும் இனிப்பு. முடிவு? 100-க்கு 94 எலிகள் இனிப்பைத் தேர்ந்தெடுத்தன. கொக்கேனின் அளவைக் கூட்டிப் பார்த்தும் மாறவில்லை. அதைவிட முக்கியம், ஏற்கெனவே நீண்ட நாள் கொக்கேன் எடுத்துப் பழகி, தன் அளவைத் தானே ஏற்றிக்கொண்டே போன எலிகளும் இனிப்புப் பக்கம் சாய்ந்தன.

நான் இதை முதலில் படித்தபோது நம்பவில்லை. ஏதோ பிழை இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தேர்வுமுறையைப் பல இடங்களில் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள், கொக்கேன் விஷயத்தில் பெரும்பாலான எலிகள் இனிப்புப் பக்கமே நின்றன. "ஒருமுறை தொட்டால் முடிந்தது" என்ற பேச்சை எலி ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் பழக்கத்தால் ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும். எவ்வளவு நேரம், எந்த மருந்து, எப்படிப்பட்ட எலி என்பதைப் பொறுத்து ஆகும். 1998-இல் அஹ்மத்தும் ஜார்ஜ் கூப் என்பவரும் செய்த சோதனை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு 1 மணி நேரம் கொக்கேன் விசை. இன்னொரு கூட்டத்துக்கு 6 மணி நேரம். முதல் கூட்டம் வாரக்கணக்கில் ஒரே அளவில் நின்றது. இரண்டாவது கூட்டம் நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போனது. மருந்து ஒன்று, எலியின் ரகம் ஒன்று, மாறியது கையில் கிடைக்கும் நேரம் மட்டும். ஹெராயினில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைந்த நேரம் எடுத்த எலிகள் பெரும்பாலும் இனிப்புப் பக்கம் நின்றன. நீண்ட நேரம் எடுத்துப் பழகியவற்றில் கணிசமான எலிகள் இனிப்பை விட்டு ஹெராயின் பக்கம் போய்விட்டன. அதாவது பழக்கம் சில மருந்துகளில் எடுக்கும் அளவை மட்டும் கூட்டுகிறது, சிலவற்றில் தேர்வையே திருப்பிவிடுகிறது.

எல்லா எலியும் ஒன்றுபோல மாறுவதும் இல்லை. 2004-இல் வெரோனிக் தெரோஷ்-கமோனே, பியர் வின்சென்சோ பியாட்சா குழுவினர் எலிகளைச் சுமார் 3 மாதம் கொக்கேன் எடுக்க விட்டு மூன்று விஷயம் பார்த்தார்கள். மருந்து இப்போது வராது என்று விளக்கைக் காட்டிச் சொன்ன பிறகும் விசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறதா, ஒரே ஒரு டோஸுக்காக எத்தனை முறை அழுத்தத் தயாராக இருக்கிறது, காலில் மின்னதிர்ச்சி பட்டாலும் எடுக்கிறதா. மூன்றும் சேர்ந்து இருந்தவை 100-க்கு 17 எலிகள். எடுத்த மருந்தின் அளவில் மற்ற எலிகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து எல்லாவற்றுக்கும் போனது, அடிமையானது சிலவே. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரே தாயின் குட்டிகள், பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, ஒன்று பாட்டிலைத் திரும்பிப் பார்க்காது, இன்னொன்று விளக்கு அணைந்ததும் ஓடி வந்து நிற்கும். அந்த இரண்டாவது எலியைப் பார்த்தவர்கள் யாரும் "கொழுப்பெடுத்துப் போகிறது" என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சாராயத்துக்கு வருகிறேன், மாமாவின் விஷயம் அதுதானே. எலிக்குச் சாராயத்தின் வாடையும் காரமும் பிடிக்காது. தண்ணீர் ஒரு பாட்டில், சாராயம் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் என்று வைத்தால் பெரும்பாலானவை நக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த ஒரு வழி, முதலில் சர்க்கரையைக் கலந்து கொடுத்துவிட்டு வாரம் வாரம் சர்க்கரையைக் குறைத்துச் சாராயத்தைக் கூட்டுவது. (ஊரில் பையன்களுக்குக் கூல்டிரிங்ஸில் ஊற்றிக் கொடுத்துப் பழக்குகிற கதை உங்களுக்கு நினைவு வந்தால் அது சரியான நினைவுதான்.) இன்னொரு வழி எனக்கு நேரில் பார்த்தும் வியப்பு அடங்காத ஒன்று. எப்போதும் பாட்டிலை வைத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாள் மட்டும் கொடுத்தால், சில வாரத்தில் அந்த எலிகள் தினமும் கிடைக்கிற எலிகளைவிட அதிகமாகக் குடிக்கின்றன. முழுதாக நிறுத்திவிட்டுச் சில நாளோ வாரமோ கழித்துத் திருப்பிக் கொடுத்தாலும், முன்பு குடித்த அளவைத் தாண்டி முதல் நாட்களில் அள்ளிக் குடிக்கின்றன. இதை 1960-களிலேயே ஜான் டேவிட் சின்க்ளேர் கவனித்தார்.

தம்பி, உங்கள் மாமாவின் வருஷத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் நிறுத்தம், அப்புறம் திரும்பவும். பங்குனியில் அவர் குடிக்கும் வேகத்தைப் பார்த்து "இரண்டு மாசம் விட்டவன் இப்படியா குடிப்பான், வீம்புக்குக் குடிக்கிறான்" என்று வீட்டில் சொல்லக்கூடும். வீம்பு என்று எதுவும் தெரியாத எலியும் அப்படித்தான் குடிக்கிறது.

சாராயத்தையும் இனிப்பையும் எதிரெதிரே வைத்துத் தேர்வு நடத்தியவர்கள் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் எரிக் ஒஜியே, மார்கஸ் ஹைலிக் குழுவினர். 2018-இல் வெளியான ஆய்வு. முதலில் எலிகளைச் சாராயத்துக்கு நன்றாகப் பழக்கினார்கள், பிறகு சாக்கரின் விசையைப் பக்கத்தில் வைத்தார்கள். பெரும்பாலானவை சாராயத்தை விட்டுவிட்டு இனிப்புக்குப் போயின. சுமார் 100-க்கு 15 எலிகள் மட்டும் போகவில்லை. சாராயத்தில் கசப்பு கலந்தாலும், மின்னதிர்ச்சி கொடுத்தாலும் அவை விடவில்லை. அந்த எலிகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது, நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளை அள்ளி அப்புறப்படுத்தும் ஒரு புரதம் குறைந்திருந்தது. குடிக்கு அடிமையாகி இறந்த மனிதர்களின் மூளைத் திசுவிலும் அதே குறைவைக் கண்டார்கள். ஆகவே மூளையில் வித்தியாசம் இருக்கிறது என்பது நிஜம். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து சேரும் தீர்ப்பு இல்லை.

இங்கே, மூளை நரம்புகள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. அதை "இன்ப ரசாயனம்" என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கென்ட் பெர்ரிட்ஜ், டெர்ரி ராபின்சன் இருவரும் எலியின் டோபமைன் நரம்புகளை அழித்துவிட்டு அதன் வாயில் இனிப்பை விட்டுப் பார்த்தார்கள். எலி நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தது. ஆனால் இனிப்பு இருக்கும் இடத்துக்கு எழுந்து போகவில்லை. ரசிப்பது வேறு, தேடிப்போகிற உந்துதல் வேறு, டோபமைன் இரண்டாவதைச் சேர்ந்தது. போதைப்பொருள்கள் திரும்பத் திரும்ப இந்த உந்துதலைத்தான் ஏற்றிவிடுகின்றன, ரசனை கூடவே ஏறுவதில்லை. குடிக்கிறவர்கள் வாயிலிருந்து "புடிச்சுக் குடிக்கல, கால் தானா அங்க போவுது" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு அது மிகத் துல்லியமான வர்ணனையாகத் தெரிகிறது.

சரி, காணொளியில் வந்த எலிப் பூங்கா. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் கடைசியில் செய்தது. தனிக்கூண்டைப் போல ஏறக்குறைய 200 மடங்கு பெரிய இடம், மரத்தூள், டப்பாக்கள், ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். மார்ஃபின் கசக்கும் என்பதால் இனிப்புச் சேர்த்து வைத்தார்கள். தனிக்கூண்டு எலிகள் அதை நிறையக் குடித்தன, பூங்கா எலிகள் குறைவாகவே குடித்தன. நல்ல கேள்வியைக் கேட்ட சோதனை என்ற மரியாதை எனக்கு உண்டு. ஆனால் பின்னால் அதைத் திருப்பிச் செய்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு வரவில்லை. வாய்வழியாகக் கசப்போடு போகும் மார்ஃபின் வேறு, ரத்தத்தில் நேராக ஏறும் மருந்து வேறு. "தனிமைதான் காரணம், மருந்தில் ஒன்றுமில்லை" என்று இந்த ஒரு சோதனையைக் காட்டிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு இன்னும் உறுதியான பதில் அமெரிக்காவின் பால்டிமோரில் மார்க்கோ வென்னிரோ, யாவின் ஷஹாம் குழுவினர் 2018-இல் வெளியிட்டது. ஒரு விசை மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைமருந்தையோ ஹெராயினையோ கொடுக்கும். மற்றது ஒரு கதவைத் திறக்கும், அந்தப் பக்கம் இன்னொரு எலி, ஒரு நிமிஷம் கூட இருக்கலாம். ஏறக்குறைய எல்லா எலிகளும் கதவைத் திறந்தன. அடிமைக்கான குணங்கள் காட்டிய எலிகளும்கூட. இதோடு நிறுத்தியிருந்தால் அழகான காணொளி ஆகியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. விசையை அழுத்தியும் கதவு உடனே திறக்காமல் தாமதமாகத் திறக்கும்படி வைத்தார்கள். எலிகள் மருந்துக்குத் திரும்பின. துணையிடம் போகும்போது லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போதும் மருந்துக்குத் திரும்பின. உறவு இருந்தால் மட்டும் போதாது, அது உடனே, வலிக்காமல் கிடைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போதே "வந்துட்டான் பாரு" என்ற வார்த்தை விழுந்தால் அது அந்த மின்னதிர்ச்சிதான். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பசியும் கீழ்நிலையும் இதே தராசில் ஏறுகின்றன. மெரிலின் கேரல் 1979-லேயே காட்டினார்: எலியின் தீனியைக் குறைத்தால் அது எடுக்கும் போதைப்பொருளின் அளவு கூடுகிறது. மைக்கேல் நேடர் குழுவினர் 2002-இல் குரங்குகளை நாலு நாலாகக் கூட்டி வைத்தபோது, கூட்டத்தில் அடக்கி ஆளும் குரங்குகளுக்கு மூளையில் டோபமைனின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஒருவகை ஏற்பிகள் பெருகின, அவை கொக்கேனை நாடவில்லை. அடங்கிப்போன குரங்குகள் நாடின.

இன்னும் ஒன்று, இடம். 1982-இல் ஷெப்பர்ட் சீகல் எலிகளுக்குப் பல நாள் ஒரே அறையில் ஹெராயின் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஒருநாள் பெரிய அளவு கொடுத்தார். பழகிய அறையில் கொடுத்தபோது 100-க்கு 32 செத்தன. பழகாத அறையில் கொடுத்தபோது 64. முன்பு ஹெராயினே பார்க்காத எலிகளில் 96. அறையைப் பார்த்ததுமே உடம்பு மருந்துக்கு எதிராகத் தயாராகிவிடுகிறது. மருந்து வராவிட்டாலும் அந்தத் தயாரிப்பு நடக்கிறது, அதைத்தான் நாம் நமநமப்பாக உணர்கிறோம். 2001-இல் ஜெஃப்ரி கிரிம், ஷஹாம் குழுவினர் கண்டது இதைவிட எதிர்பாராதது. கொக்கேனை நிறுத்திய எலிக்குப் பழைய விளக்கைக் காட்டினால், முதல் நாளைவிட ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்துத்தான் அது விசையை அதிகம் தேடி அழுத்துகிறது. நாளாக நாளாக ஆசை தணியும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர். ஆனால் வென்னிரோவின் எலிகளில், மருந்தைப் பிடுங்கிக்கொண்டு சும்மா அடைத்து வைத்தவற்றில்தான் இந்த ஏற்றம் தெரிந்தது. துணையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத் தானாக விலகியிருந்தவற்றில் அது வரவில்லை.

இப்போது மாமா. எலி மனிதன் இல்லை. கடன், அவமானம், பிள்ளையின் படிப்பு என்று எலிக்கு எதுவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். அவருக்குத் தை, மாசியில் என்ன கிடைக்கிறது? மணிக்கணக்குக்கு வாடகை, சாயங்காலம் கையில் காசு, "உங்க வண்டி எப்ப வரும்?" என்று நாலு ஊரிலிருந்து போன், கூட ஒரு உதவியாள். பங்குனியில் இதில் ஒன்றுகூட இல்லை. அவரே ஒரு தேர்வுப் பெட்டிக்குள் இருக்கிறார், வருஷத்தில் பாதி நாள் அதில் ஒரு விசைதான். வேலைக்காலத்தில் தொடமாட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. இனிப்பின் பக்கம் போகத் தெரிந்த எலி அவர்.

"குறுவை அறுப்பு வரட்டும், சரியாயிடுவார்" என்று காத்திருக்காதீர்கள். புரட்டாசியில் வரப்போகும் காசு இன்றைக்குச் சாயங்காலம் 6 மணியோடு போட்டி போட முடியாது. அந்த வேளைக்கு, அன்றன்றைக்கே பலன் கிடைக்கிற ஏதாவது வேண்டும். வாடகைக்கு டிராக்டரோ, மில்லில் வேலையோ, வண்டிப் பழுது பார்க்கிற பட்டறையில் சாயங்கால வேலையோ, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கூலி அன்றைக்கே வரட்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களில் இதைச் சிகிச்சையாகவே செய்தார். கொக்கேனை விட முயன்றவர்களுக்கு, சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக இருந்த ஒவ்வொரு முறையும் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நன்றாக வேலை செய்தது. கடைக்குப் போகிற வழியையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்த பிறகு அந்தத் திருப்பத்தில் கால் தடுமாறினால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. வேலை தொடங்கும் முதல் இரண்டு நாள் அவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது என்றிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். மாதக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வொரு வருஷமும் நிறுத்திக் குடித்து நிறுத்தினால், அடுத்தடுத்த முறை இது கடுமையாகக்கூடும். இதுவரை நடுக்கத்தோடு போனதால் இனிமேலும் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்க வேண்டாம். திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகு குடிக்கும் உந்துதலைக் குறைக்கிற மருந்து எல்லாம் இருக்கின்றன. ஈரலின் நிலையைப் பார்த்து எது சரி என்று மருத்துவர் முடிவு செய்வார். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த அறுப்புக்கு வண்டியை எடுக்கும்போது, குடியை நிறுத்தி நாலைந்து நாள் மருத்துவர் கண்காணிப்பில் கழிந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். நடுங்கும் கையோடு அந்த முதல் இரண்டு நாள் அவரை மிஷினில் ஏற விடாதீர்கள்.